கூரை கழற்று படலம்

நெய்வேலிச் சுரங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் ஒரு விசேஷ குணம் உண்டு. எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் மேலே கிடப்பதை அப்புறப்படுத்தினாலன்றி அவர்கள் மனம் சாந்தியடைவதில்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரிக் கழகம் தோன்றியது முதல் அங்கே நடந்துவரும் வேலையில் பெரும்பங்கு, நிலக்கரியை எடுப்பதைக் காட்டிலும், அதன்மேல் கனத்துக் கிடக்கும் மண்ணை ஜெர்மானிய தேசத்துப் பக்கெட் வீல் யந்திரங்களைக் கொண்டு வாரி எறிவதே. அந்த 'ஓவர்பர்டன்' வேலையிலேயே தலை நரைத்துத் திருவதிகையில் வந்து குடியேறிய என் அக்காள் கணவர், தம்முடைய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை ஒரு நாள் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இதுக்கு மேலே இருக்கிறதை எடுத்துட்டா என்ன?” என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் உண்டாகவில்லை.

மேனாட்டார் இந்த வித்தையை வெகு காலமாகவே அப்பியாசம் செய்து வருகிறார்கள். கூரையின் நடுவில் ஒரு பட்டையை மட்டும் நிறுத்தி, இருபுறமும் உள்ள பலகைகளைக் கழற்றும்படியான அமைப்புக்குக் கார்டன் பியூரிக் என்ற அமெரிக்கர் 1951-இல் காப்புரிமை பெற்றார். 1968-ஆம் வருஷத்துக் கார்வெட் காரில் அது பிரபலமாயிற்று. போர்ஷே கம்பெனியாரோ 1965-இல், டார்கா என்று நாமகரணம் செய்து, நடுக்கூரை முழுவதையும் கழற்றும் ஒரு காரைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆனால் அங்கெல்லாம் சூரியன் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. கடலூர் ஜில்லாவிலோ அவர் வீட்டோடு வந்து தங்கிவிட்ட சம்பந்தி.

இதை நான் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தபோது மாமா தல புராணத்தில் சரண் புகுந்தார். எட்டு வீரட்டானங்களில் ஒன்றான திருவதிகையில்தானே சிவபெருமான் திரிபுரத்தை எரித்தார்? அப்போது அவர் ஏறிவந்த ரதத்துக்குப் பூமி தட்டு, சூரிய சந்திரர் சக்கரங்கள், வேதங்கள் நான்கும் குதிரைகள், பிரம்மா சாரதி என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கும் புராணிகர்கள் கூரை என்று ஒரு வார்த்தையேனும் சொன்னதுண்டா என்று கேட்டார். சூரியனே சக்கரமாய்க் கீழே போய்விட்ட பிறகு மேலே கூரைக்கு அவசியம் ஏது என்றும், அந்த ரதத்துக்கே அச்சு முறிந்த கதையும் உண்டே என்றும் நான் சொன்னவை அவர் செவியில் ஏறவில்லை. அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோய் தீர்ந்தது இவ்வூரில்தான். வெயிலால் வந்த மண்டையிடி யாருக்கும் தீர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எனினும் ஒரு விஷயத்தில் மாமாவுக்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்பாஸடர் காரின் கூரையை அறுப்பவன் காரையே அறுத்தவனாகிறான். அதற்குத் தனிச் சாசி கிடையாது. தரையும் தூண்களும் கூரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏகதேகம் அது. கூரை போனால் நடுப்பாகம் தொய்யும், திறந்த கதவு மூடாது, மூடிய கதவு திறவாது. 1959-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1961 முதல் சென்னையில் உருவான ஹெரால்டின் ஜாதகமே வேறு. மிக்கலோட்டி என்ற இத்தாலிய சிற்பி வரைந்த அந்த உடம்பு, தனிச் சாசியின்மேல் துண்டுதுண்டாகப் போல்ட் போட்டு முடுக்கப்பட்டது, கூரையும் அப்படித்தான். ஆகையால் பண்ருட்டி மெக்கானிக் துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து ஸ்பானரைத் திருப்ப, பலா மரத்தடியில் நாலு பேர் கைகொடுத்து, பின்கண்ணாடியோடு கூரையைத் தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்தார்கள். அக்காள் அதன்மேல் அன்றே வடகம் உலர்த்தினாள்.

இரும்புக் கூரையைக் கழற்றலாமேயன்றிக் கூடவே கொண்டுபோக முடியாதாகையால், டிக்கியில் அடங்கும்படி இரண்டு பைபர் பலகைகள் செய்துகொள்ள உத்தேசித்து, கடலூர் முதுநகரில் மீன்பிடி படகு கட்டும் ஒருவரிடம் போனோம். அவர் அளவெல்லாம் எடுத்துக்கொண்ட பிற்பாடு மிகவும் மரியாதையாக ஓர் எச்சரிக்கை செய்தார்: “ஐயா, கீழேருந்து தண்ணி வராம இருக்கத்தான் எங்களுக்குத் தெரியும். மேலேருந்து வர்றதுக்கு நான் பொறுப்பில்லீங்க.”

பலகைகள் தயாரான தினத்தில், அவற்றை டிக்கியில் வைத்துக்கொண்டு, திறந்த காரில் ஊர் திரும்பினோம். இத்தேசத்தில் காரின் கூரை திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். 1982-இல் என். டி. ராமராவ் செவர்லே வண்டி ஒன்றைச் சைதன்ய ரதமாக்கி ஆந்திர தேசமெங்கும் ஓட்டுக் கேட்டுச் சுற்றியதை யார் மறப்பார்கள்? நெல்லிக்குப்பம் கடைத்தெருவில் ரயில்வே கேட் மூடியிருந்த சமயம், ஒரு கிழவி மாமாவைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, முதியோர் பென்ஷனுக்கான மனுவை அவர் மடியில் போட்டுக் கும்பிட்டாள். தாம் வேட்பாளர் அல்லர் என்று அவர் சொன்னதை அவள் நம்பவே இல்லை. “ஜெயிச்சப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லாதே சாமி” என்றாள். அந்த மனுவை மாமா தாலுகா ஆபீசில் சேர்ப்பித்தது வேறு கதை.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை பண்ருட்டிப் பக்கம் தூறிக்கொண்டு வருவதில்லை, ஒரே கொட்டுத்தான். பலகைகளைப் பொருத்தியும், முன்கண்ணாடிச் சட்டத்தோடு அவை சேருமிடத்தில் ரப்பர் பட்டை சரியாகப் படியாமையால், ஜலம் ஓட்டுபவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலில் மட்டுமே அபிஷேகமாக இறங்கியது. பக்கத்தில் இருப்பவர் எப்போதும் நானே.

சட்டமும் ஒன்று இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் கண்டபடியன்றி வண்டியின் அமைப்பை மாற்றலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கழற்றியதை மறுபடி மாட்டினால் அது மாற்றமாகாது என்பது மாமாவின் வியாக்கியானம். பிரேக் இன்ஸ்பெக்டருடைய வியாக்கியானம் எப்படியிருக்குமோ என்ற பயத்தால், பதிவைப் புதுப்பிக்கும் தருணம் வரும்போது வடகத்தைத் தட்டிவிட்டுப் பழைய கூரையே மேலேறும் என்று குடும்பத்தில் ஏகமனதாகத் தீர்மானமாகியிருக்கிறது.

அதுவரை பலகைகள்தான். ஆகவே, இதை வாசிப்பவர்களில் எவரிடமேனும் ஹெரால்டு கன்வர்ட்டிபிள் காரின் முன்கண்ணாடி மேல்விளிம்புக்கான ரப்பர் பட்டை, வெடிப்பில்லாததாக இருந்தால், தயவுசெய்து தெரிவிக்க வேண்டும். மாமா கிரயம் கொடுக்கச் சித்தமாயிருக்கிறார். அவர் பேரம் பேசினால் மீதியை நான் கொடுத்துவிடுகிறேன்.