ஜோசியர் கோபயாஷி

காய்ச்சலோடு வந்து இதயத் தமனியைத் தாக்கக்கூடிய கவாசாகி நோய் கண்ட குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் மருந்து கேட்குமா, கேட்காதா என்று முன்கூட்டியே சொல்ல ஜோசியர் யாராவது உண்டா?

ஜப்பானில் உண்டு. ஜாதகம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வயதும் காய்ச்சல் நாள் கணக்கும் போதும். 2006-ல் கோபயாஷி குழுவினர் வெளியிட்ட மதிப்பெண் முறை அது. ரத்தத்தில் சோடியம் 133 அல்லது அதற்கும் கீழே என்றால் 2 மார்க். காய்ச்சல் கண்ட நாலு நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டிவந்தால் இன்னொரு 2. ஒரு வயதைத் தாண்டாத பிள்ளைக்கு 1. இப்படியே கூட்டிக்கொண்டு போவார்கள்; மார்க் கூடினால் மருந்து கேட்காமல் போகும் வாய்ப்பும் கூடும். மார்க் ஏற ஏற அப்பா, அம்மா வயிற்றில் புளியைக் கரைக்கும் பரீட்சை இது ஒன்றுதான்! மார்க் கூடிய பிள்ளைக்கு இம்யூனோகுளோபுலினோடு ஸ்டீராய்டையும் முதலிலேயே சேர்த்துக் கொடுப்பதுண்டு.

அந்த ஜோசியம் எல்லா நாட்டிலும் பலிக்குமா?

கடல் தாண்டினால் காலை வாருகிறது. அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தபோது, மருந்து கேட்காத பலரை அது கோட்டைவிட்டது.

இம்யூனோகுளோபுலினுக்கு மசியாத குழந்தைகள் பத்தில் ஒன்றிரண்டு பேர். இதயத் தமனி வீங்கும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடாமல், கண்ணும் உதடும் சிவந்திருந்தால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் ஓடுங்கள்.