கேப்பு மினுக்குது, அடியில யாரு குடியிருக்கா?

வா மருமவனே, திண்ணையில உக்காரு. அதென்ன, உதட்டை மூடிக்கிட்டே சிரிக்க? மக கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாளு கெடக்கு, அதுக்குள்ள சம்பந்தி வீட்டு முன்னால அடக்க ஒடுக்கமாச் சிரிச்சுப் பழகுதியோ?

ஓகோ, முன்பல்லு கேப்பா! ஈறு ஓரத்துல கறுப்புக் கோடு விழுந்துட்டு, போட்டோவுல அசிங்கமா இருக்கும், மாத்தணும். எங்க, தெற பாப்போம். அட, அரும்பு மீசை மாதிரில்லா இருக்கு! சம்பந்திமாரு என்ன, ஒன்னைய மாட்டுச் சந்தையிலயா பிடிக்காங்க, பல்லைப் பிடிச்சுப் பாக்கதுக்கு?

அந்தக் கேப்பு உள்ள உலோகம், மேல பீங்கான். நம்ம வீட்டு எனாமல் தட்டுல ஓரம் தேஞ்சா கறுப்புத் தெரியும்லா, ஏறக்கொறைய அதே சங்கதி. வயசாக ஆக ஈறு சுருங்குது, ஒளிஞ்சு கெடந்த உலோக விளிம்பு வெளிய எட்டிப் பாக்குது. அதுக்காக கேப்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்ல. அழகுக்காக மாத்தணும்னா மாத்திக்கோ, துட்டு ஒன்னோடது. ஆனா அந்தக் கறுப்பு உலோகமா, சொத்தையான்னு டாக்டர் கூர்க்கம்பியால தடவிப் பாத்துச் சொல்லட்டும். நீயும் ஒன் பொண்டாட்டியும் கண்ணாடி முன்னால நின்னு தீர்ப்புச் சொல்லாதீங்க.

இரு, இரு. கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசு. அதென்ன வாயில, கிராம்பா? ஏலக்காயும் சேத்தா? காலங்காத்தால பிரியாணி வாசத்தோட வந்திருக்கியேன்னு அப்பவே நெனச்சேன். கடவாயில இன்னொரு கேப்பு இருக்கே, வேர் சிகிச்சை பண்ணி 11 வருசம் ஆச்சே, அது எப்படி இருக்கு? "அது வலிக்கவே இல்ல மாமா, சூப்பரா இருக்கு" ங்க. வலிக்காதுடே! வேர் சிகிச்சைன்னு நரம்பைத்தான் எடுத்துட்டாங்களே. தந்திக் கம்பியை அறுத்துப் போட்டுட்டு, ஊருல இருந்து சாவுச் சேதியே வரலைன்னு சந்தோசப்படுதவனை இன்னைக்குத்தான் பாக்கேன்.

கேப்பு சொத்தை விழாது மருமவனே. அது பீங்கான், இல்லேன்னா உலோகம். கிருமிக்கு அதுல என்ன சாப்பாடு இருக்கு? கேப்பும் பல்லும் சேருத விளிம்பு இருக்கு பாரு, அங்கதான் வம்பு. உள்ள வச்ச சிமெண்ட் மெள்ளக் கரைஞ்சு சந்து விழுந்தா, அது வழியா எச்சியும் சோத்துப் பசையும் உள்ள போகும், பின்னாலயே கிருமியும் குடிபோகும். மேல ஓடு மினுக்கும், உள்ள உத்தரத்தைக் கரையான் தின்னுக்கிட்டிருக்கும். நீ என்னடான்னா ஓட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிடுத.

பல்லு இடுக்குல விடுத நூலு இருக்குல்லா, அதை ராத்திரி அந்தக் கேப்போரம் விட்டு இழு. நூலு பிசிறுதா? அப்போ விளிம்பு எங்கயோ தூக்கிக்கிட்டு நிக்கி. இழுத்த நூலை மோந்து பாரு. மூஞ்சியைச் சுளிக்காத, ஒன் வாய்தானே? நாத்தம் அடிச்சா ஒன் ஏலக்காய் அதை மறைக்கும், மாத்தாது. கறி தின்னாலும் கீரை தின்னாலும் அதே இடத்துல போயி அடையுதுன்னா அதுவும் ஒரு சாட்சி. ஈறுல பரு மாதிரி ஒண்ணு வருது, ஒடையுது, மறுபடி வருது, வலியே இல்லைன்னு வையி, அதுதான் ரொம்பப் பொல்லாதது. அடியில சீழு வாசல் திறந்து வச்சிருக்குன்னு அர்த்தம். கேப்பு ஆடுனாலோ, மேல ஓட்டை விழுந்தாலோ, பீங்கான் பேந்து நாக்கைக் கிழிச்சாலோ, அதை நான் வந்தா சொல்லணும்?

கழண்ட கேப்பெல்லாம் குப்பைக்குப் போகணும்னும் இல்ல. என் கதை தெரியும்லா? நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு குடுத்தாங்கன்னு சந்தோசத்துல நாலு கட்டியைக் கடிச்சேன். கேப்பு மிட்டாயோட கைக்கு வந்துட்டு. சும்மா இருந்தேனா? நாக்காலிக் காலு ஒட்டுத பசையை எடுத்து நானே ஒட்டினேன். மறுநாளு வாயை மூடுனா, ஒரு காலு நெட்டையான கட்டிலு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. டாக்டர் பொம்பளைப் பிள்ளை திட்டுன திட்டு இருக்கே, ஒங்கத்தைகூட அப்படித் திட்டுனதில்ல. அப்படியே டப்பியில போட்டுக் கொண்டு வந்திருந்தா, உள்ள பல்லு நல்லா இருந்ததால கழுவித் தொடச்சு மறுபடி சிமெண்ட் வச்சிருப்பாளாம். என் பசையால புதுக் கேப்புக்கு அழுதேன்.

ஆடுத கேப்போட மட்டும் ராத்திரி படுத்துராத. வயித்துக்குள்ள போனா பெரும்பாலும் தன் வழியே வந்துரும். நீ குச்சி வச்சுக்கிட்டு காட்டுப் பக்கம் ஆராய்ச்சி பண்ணணும், அம்புட்டுத்தான். மூச்சுக் குழாய்க்குள்ள போனா சிரிக்க முடியாது.

"பத்து வருசம் தாண்டிட்டு, அதனால மாத்திருவோம்" னு எவனாவது சொன்னா சட்டுனு தலையாட்டாத. பத்துப் பதினஞ்சு வருசம் ஓடும்பாங்க, இருபதைத் தாண்டி ஓடுததும் உண்டு. காலண்டரைப் பாத்துக் கிழிக்கதுக்கு அது என்ன தேதித் தாளா? ஒவ்வொரு தடவை மாத்துதப்பவும் சொந்தப் பல்லு கொஞ்சம் கொறையத்தான் செய்யும். ஈறுக்கு மேல சுத்தி 2 மில்லிமீட்டராவது நல்ல பல்லு மிஞ்சினாத்தான் அடுத்த கேப்புக்குப் பிடிமானம். "எங்க கெட்டிருக்கு, காட்டுங்க" ன்னு கேளு. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னா எடு. உலோகத்துக்கு உள்ள இருக்கதை அது மறைச்சிரும், ஆனா விளிம்போரச் சொத்தையும் வேரடிச் சீழும் அனேகமாத் தெரிஞ்சிரும். அதுலயும் பிடிபடலைன்னா சில நேரம் கழட்டித்தான் பாக்கணும்.

பத்தரைக்கு பஸ்ஸு. மொதல்ல டாக்டர்கிட்ட கடவாயைக் காட்டு, மீசையை அப்புறம் மழிப்போம். அந்தப் பையில துருத்திக்கிட்டிருக்கது மிட்டாய்ப் பொட்டலம்தானே? வச்சிட்டுப் போ. ஒங்கத்தைக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான். இந்தப் பக்கம் இன்னும் சொந்தப் பல்லு நாலு கெடக்கு.