சர்வர் தொரை வருகிறார், பெரட்டுக்கு நில்லுங்கள்

நோர்வூட்டுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் நாட்டுக்கு நாடு அவரை விழுந்து விழுந்து அழைக்கிற வேகத்தைப் பார்த்தால், குளிரும் தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் கிடைக்கிற நம் மலை அவர் கண்ணில் படாமல் போகாது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையம் என்பது அவருடைய முழுப்பெயர். நமக்கு சர்வர் தொரை. கொழுந்து தெரியாது, கவ்வாத்து தெரியாது, ஆனாலும் தொரைதான்.

தொரைக்கு உடம்பு சூடாகக் கூடாது. இரவு பகல் கரண்ட் வேண்டும். போனால் அந்த நொடியே ஜெனரேட்டர். நெருப்பு அண்டாமல் தனி ஏற்பாடு. நம் லயத்தில் மின்கசிவில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போகும். அன்று ராத்திரி பாடசாலை மண்டபத்தில் பாய் விரிப்போம். மறுநாள் அரிசி மூட்டை வரும், கூடவே போட்டோக்காரரும் வருவார். நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ குறைந்தால் நமக்கு அரைப்பேர். சர்வர் தொரைக்கு அரைப்பேர் போட எந்தக் கணக்கப்பிள்ளைக்குத் தைரியம் வரும்?

அபிவிருத்திக்கு நாம் ஒத்துழைக்க வேண்டுமாம். இதுவரை என்ன செய்தோமாம்? காசல்ரீயை நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்தோம். மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரத்தையே தண்ணீருக்குள் விட்டோம். வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், ஜனம் போய்க் கும்பிட்டுவிட்டு வரும். அந்தத் தண்ணீரில் எடுத்த கரண்ட் கம்பியேறி கொழும்புக்குப் போனது. அணைக்கட்டு ஓரத்து லயங்களில் பல காலம் குப்பி லாம்புதான் எரிந்தது. தலவாக்கலையில் எதிர்ப்பை மீறி மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாட்டோடு திறந்தது. சென் கிளேயர் அருவிக்குப் பகல் நேரத்துக்கு மட்டும் என்று தண்ணீர் ஒதுக்கினார்கள். அருவியையும் பெரட்டுக்கு வரவைத்த நாடு இது.

காணிக் கதை இன்னும் அழகு. மலையகம் 200 என்று 2023இல் விழா எடுத்தோம். ஏழு பேர்ச்சுக்கு உறுதி கேட்டால் இன்றும் சட்டச் சிக்கல், கம்பனிக் குத்தகை, பார்க்கலாம், பேசலாம். தொரைக்கு ஏக்கர் கணக்கில் கொடுக்கும்போது சட்டம் சிக்காது. இந்தியாவில் கூகுள் 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துத் தரவு மையத்துக்கு 1,500 கோடி டொலர் என்று அறிவித்தது. நிலம் கேட்டதும் அங்குள்ள தர்லுவாடா கிராமத்து விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். வளர்ச்சியின் எதிரிகள் என்ற பட்டம் இப்படி நிற்பவர்களுக்கென்றே எங்கும் தயாராக இருக்கிறது.

உருகுவே கதையைக் கேளுங்கள். 2023 வறட்சியில் தலைநகர் மொண்டெவிடியோவின் குழாய்களில் உப்புத் தண்ணீர் வந்தது. அதே வேளையில், கூகுள் அந்நாட்டில் கட்ட நினைத்த தரவு மையத்துக்கு நாளொன்றுக்கு 76 இலட்சம் லீட்டர் குடிநீர் தேவை என்ற விபரம் வெளியே வந்தது. ஜனம் கொதித்தது. பிறகு தொரை, காற்றிலேயே குளிர்ந்துகொள்கிறேன் என்று திட்டத்தை மாற்றினார். அப்படியென்றால் முன்பே முடிந்திருக்கிறது! கேட்க ஆளில்லாத இடத்தில் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

வேலை வரும் என்பார்கள். கட்டும்வரை கொத்து வேலை வரும், கட்டிய பிறகு கேட்டில் நிற்க செக்யூரிட்டி சட்டை வரும். சம்பளத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2015இல் கேட்ட ஆயிரம் ரூபாய் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின.

நோர்வூட்டுக்காரரே, ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், அதைப் பார்த்துப் பொதுமக்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும். தலவர் வாசித்துச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். எத்தனை லீட்டர், எந்த ஆற்றிலிருந்து என்று நீங்களே எழுதிக் கேளுங்கள்.