தன் பிள்ளைகளைத் தோற்கவிடாத திடல்

திடலே, நீ வாழ்க. இராமநாதபுரம் கரையில் பனைக்கும் சீமைக்கருவேலுக்கும் நடுவே எத்தனையோ பள்ளித் திடல்கள் கிடக்கின்றன. குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் தன் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பதில் உனக்கு இணை நீயேதான். வெற்றியும் தோல்வியும் விளையாட்டில் சகஜம் என்று மேடையில் பேசுவார்கள். அவற்றில் எது யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் சிரமத்தை நீயே ஏற்றுக்கொள்கிறாய்.

உன் தாய்மை முதலில் தெரிவது ஆட்ட அட்டவணையில். உன் பிள்ளைகளின் ஆட்டம் மண் குளிர்ந்திருக்கும் காலையிலேயே முடிந்துவிடும். பிறகு வேப்பமர நிழலில் கால் நீட்டி அடுத்த சுற்றுக்கு இளைப்பாறுவார்கள். விடியுமுன் எழுந்து, பாம்பன் பாலம் தாண்டி, பஸ் மாறி வந்த தீவுப் பிள்ளைகளுக்கு உச்சி வெயிலில் ஓர் ஆட்டம். அது முடிந்து வியர்வை காயுமுன் இன்னோர் ஆட்டம். இந்தக் கரையின் மணல் நண்பகலில் எப்படிச் சுடும் என்பதை அவர்கள் வெறுங்காலால் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

உன் ஞாபகசக்தியும் பெரிது. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு பத்து மணிக்கே காலில் தேய்ந்து போகும். கோடு அழிந்த பிறகும் அது எங்கே இருந்தது என்பது உனக்கு மறப்பதில்லை. வந்த பிள்ளை கால் வைத்தால் கோடு உள்ளே தள்ளி இருக்கிறது. உன் பிள்ளை கால் வைத்தால் வெளியே தள்ளி இருக்கிறது. உன்னிடம் நல்ல கயிறும் உண்டு. அதைக் களத்தைச் சுற்றிக் கட்டி வீணாக்கவில்லை. சிறப்பு விருந்தினர் அமரும் பந்தலுக்கு முன்னால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாய். அதனால் உன் பள்ளிக் கூட்டம் முழுவதும் எல்லைக் கோட்டின் மேலேயே நின்று ஆட்டம் பார்க்க முடிகிறது.

அந்தக் கூட்டத்தின் குரலையும் வாழ்த்த வேண்டும். கபடியில் பாடிப் போகிறவள் 'கபடி, கபடி' என்று விடாமல் சொல்ல வேண்டும். அது நடுவர் காதில் தெளிவாக விழ வேண்டும். 30 விநாடி, ஒரே மூச்சு, ஒரு சிறுமியின் தொண்டை. சுற்றிலும் தகரமும் விசிலும் ஊளையும். அவள் பாடியது அவளுக்குக் கேட்டது, அவளோடு வந்த ஆறு பேருக்குக் கேட்டது. நடுவருக்குக் கேட்கவில்லை. பாட்டு விட்டுவிட்டாள் என்று வெளியே அனுப்பப்பட்டாள். தொடாமலே ஒரு பெண்ணை வெளியேற்றும் வித்தை உன் பிள்ளைகளுக்குத் தெரியாது, உனக்குத் தெரிகிறது.

நடுவரை வெளியூரிலிருந்து அழைத்து அலைக்கழிக்காத உன் கருணையும் எனக்குத் தெரியும். உன் பள்ளி ஆசிரியரே விசில் ஊதுகிறார், இன்னொருவர் புள்ளி எழுதுகிறார். 2002-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், 40 கால்பந்து நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். சிலருக்குக் கூட்ட இரைச்சலோடு, மற்றவர்களுக்கு ஒலியில்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணியின் மேல் சொன்ன தவறுகள் 15.5 விழுக்காடு குறைவு. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவரையே இரைச்சல் அவ்வளவு அசைக்கிறது. மறுநாள் காலை அதே பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டியவர் எவ்வளவு அசைவார் என்று அளக்க ஆய்வு தேவையில்லை.

உனக்கு அடங்காதது காற்று ஒன்றுதான். பாம்பனின் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், கச்சான் காற்று வீசினால் ரயிலையே நிறுத்துவார்கள். அந்தக் காற்றில் கைப்பந்து சர்வீஸ் எங்கே விழும் என்பது இந்தக் கரைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அது அவர்கள் தினமும் மாலை ஆடிச் சேர்த்த அறிவு. அதில் யாருக்கும் குறையில்லை. செட்டுக்குச் செட்டு பக்கம் மாறவும், கடைசி செட்டில் எட்டாவது புள்ளியில் மறுபடி மாறவும் விதி இருக்கிறது. காற்று இரண்டு பக்கத்துக்கும் சமமாக வீசிவிட்டுப் போகிறது. உன்னிடத்தில் அது ஒன்றுதான் யார் பக்கமும் சாய்வதில்லை.

இது சேது நாடு. வடக்கேயிருந்து நடந்து வந்த முகம் தெரியாத யாத்திரிகருக்காகச் சேதுபதிகள் வழியெங்கும் சத்திரம் கட்டிய மண். இராமநாதபுரத்தின் மாவட்ட விளையாட்டரங்கம், செத்தும் கொடுத்த சீதக்காதியின் பெயரையும் சேதுபதியின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. அந்த மரபில் வந்த நீயும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மீனவர் வீட்டுப் பெண்ணுக்குக் குறுவட்டம் தாண்டினால் மாவட்டம், மாவட்டம் தாண்டினால் மாநிலம், அங்கே கிடைக்கும் சான்றிதழில் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம். அந்த ஏணியின் முதல் படியைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறாய்.

உன் பிள்ளைகளுக்கு நீ கொடுத்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. கோப்பை தலைமையாசிரியர் அறையில் பளபளக்கிறது. அதை வாங்கியவர்கள் மாவட்டத்தையும் தாண்டி மாநிலப் போட்டிக்குப் போனார்கள். அங்கே மண் இல்லை, மேட் விரித்திருந்தது. கோடு அழியவில்லை. நடுவரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. கால் கோட்டைத் தாண்டியபோது விசில் ஊதினார். பிள்ளைகள் திகைத்துப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கால் கோட்டைத் தாண்டும் என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. முதல் சுற்றிலேயே பஸ் ஏறினார்கள்.

திடலே, குறுவட்டத்தில் பதினைந்து பள்ளிகள் இருந்தால் உன் பிள்ளைகள் வீட்டாராக ஆடுவது ஒரே ஒரு திடலில். மற்றப் பதினான்கிலும் அவர்கள் விருந்தாளிகள். அடுத்த ஆண்டு அவர்களும் இருட்டில் எழுந்து, பஸ் மாறி, ஏதோ ஓர் ஊரில் உச்சி வெயிலில் இறங்குவார்கள். அங்கேயும் ஒரு திடல் இருக்கும். தன் பிள்ளைகளின் மேல் உன்னளவு பாசம் வைத்திருக்கும்.