எனக்கு மட்டும் வேண்டாம் தம்பி

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி போர்த்திய எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். மூலை அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், மேசையில் பிள்ளையார், பெயருக்குக் கீழே வைஸ் பிரசிடென்ட். ‘மொபைல் பாதுகாப்பில் சமரசத்துக்கே இடமில்லை’ என்று கம்பெனி முழுக்க மெயில் அனுப்புகிறவர் அவர்தான். மெயில் போன கையோடு ஐ.டி. பிரிவைக் கூப்பிட்டு, “தம்பி, இது எனக்கும் உண்டா?” என்று கேட்பவரும் அவர்தான். விதிவிலக்கு சார் என்று வைத்துக்கொள்வோம்.

ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் பார்க்கிறவர்கள் எம்.டி.எம். என்கிற மென்பொருளைப் போட்டுக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் அந்த ரகம். நம் கூடுவாஞ்சேரிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஜோஹோக்காரர்கள் செய்து வெளிநாட்டுக்கெல்லாம் விற்பதும் அந்த ரகம்தான். 6 இலக்க பின் நம்பர் போடு, சும்மா கிடந்தால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளட்டும், போன் தொலைந்தால் ஆபீஸ் சமாச்சாரத்தை மட்டும் இங்கிருந்தே அழித்துவிடுகிறோம் என்கிறது. பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

இதை விளக்க ஒரு சின்னப் பையனை சாரின் அறைக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் யாரும் போக மாட்டார்கள்.

“இதைப் போட்டா என் போட்டோவெல்லாம் நீங்க பார்ப்பீங்களா?”

“முடியாது சார். 2014-ல ஆண்ட்ராய்டு லாலிபாப் வந்தப்பவே ஆபீசுக்குத் தனி புரொஃபைல் கொடுத்துட்டாங்க. ஒரே வீட்டுக்குள்ள தனிக்குடித்தனம் மாதிரி. ஆபீஸ் ஆப் மேல சின்னதா ஒரு பிரீஃப்கேஸ் படம் இருக்கும். அந்தப் பக்கம் மட்டும்தான் எங்களுக்கு.”

“வாட்ஸ்அப்?”

“தெரியாது சார்.”

“எஸ்.எம்.எஸ்.?”

“அதுவும் தெரியாது சார்.”

சாரின் முகம் லேசாக வாடியது. எட்டிப் பார்க்கக்கூட ஆளில்லாத வாழ்க்கையா என்று பட்டிருக்கலாம். ஆனால் “ஆபீஸ் மெயிலிலிருந்து காப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது சார்” என்று பையன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய நிர்வாகமே அதுதானே! காலாண்டுக் கணக்கு, கஸ்டமர் ஒப்பந்தம், யாருக்கு எவ்வளவு சம்பள உயர்வு என்கிற எக்செல் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் ஊர்வலம் போகும். ஒருமுறை அந்த எக்செல் வழி தவறி, குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகக் குழுவுக்குப் போய்விட்டது. ஊரிலிருந்து சித்தப்பா ஒருவர் கும்பிடும் கை பொம்மை போட்டுப் பதில் அனுப்பினார்.

அந்தரங்கம் பறிபோகும் என்று அஞ்சுகிற இதே மனிதர்தான், மாலில் கார் பரிசுக் கூப்பனைப் பார்த்ததும் மொபைல் நம்பர், பிறந்த தேதி, கல்யாண நாள் மூன்றையும் முத்து முத்தாக எழுதிப் பெட்டியில் போட்டவர். டார்ச் ஆப் ஒன்று, விளக்கெரிக்க உன் நண்பர்களின் நம்பரெல்லாம் வேண்டும் என்று கேட்டபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தவர்.

பின் நம்பர் விஷயத்தில் சார் உறுதியாக இருந்தார். “பேத்திக்கு நாலு வயசு தம்பி. ரைம்ஸ் பார்க்கணும். ஆறு நம்பர் எப்படி ஞாபகம் வச்சுப்பா?” ஆகவே அந்த போனுக்குப் பூட்டே கிடையாது. யார் விரலால் தள்ளினாலும் திறந்துகொள்ளும்.

பையன் கொஞ்சம் படித்தவன். “சார், 2009-ல ஒபாமாவே பிளாக்பெர்ரியை விட மனசில்லாம, பாதுகாப்பு ஆளுங்க போட்ட நிபந்தனைக்கெல்லாம் தலையாட்டித்தான் வச்சுக்கிட்டார். 2016-ல கொடுத்த புது போன்ல படம் எடுக்க முடியல, மெசேஜ் அனுப்ப முடியல, பாட்டு கேட்க முடியலன்னு டி.வி.யில அவரே சொல்லிச் சிரிச்சார்.”

“அவர் எட்டு வருஷத்துல வீட்டுக்குப் போயிட்டார். நான் இங்க இருபத்திரண்டு வருஷமா இருக்கேன்.”

விலக்கு கேட்க ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் ‘பிசினஸ் கிரிட்டிக்கல்’ என்று எழுதினார். ஒப்புதல் என்ற இடத்திலும் அவர் கையெழுத்தே இருந்தது. அவரைப் பார்த்து நிதித் தலைவர் வந்தார், மனிதவளத் தலைவி வந்தார். விலக்குப் பட்டியலை இப்போது அச்சடித்தால், கம்பெனியின் முக்கியஸ்தர்கள் வரிசை அப்படியே கிடைக்கும். மீதமிருக்கும் டிரெய்னிகளின் போன்கள் இரும்புக்கோட்டை. உள்ளே இருப்பது கேன்டீன் மெனுவும் விடுமுறைப் பட்டியலும்.

ஒரு முகூர்த்த நாளில் மயிலாப்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் பந்திக்கு உட்கார்ந்த சார், இலைக்குப் பக்கத்தில் வைத்த போனைப் பாயசத்தோடு மறந்தார். காரில் மேடவாக்கம் வந்த பிறகுதான் சட்டைப் பையைத் தடவினார். மனைவியின் போனிலிருந்து பையனைப் பிடித்தார்.

“தம்பி, எல்லாத்தையும் அழிச்சிடுங்க. இப்பவே!”

“சார், நீங்க விலக்குப் பட்டியல்ல இருக்கீங்களே. அந்த போனை இங்கிருந்து தொட முடியாது. மெயில் பாஸ்வேர்டை வேணா மாத்திடறேன். நீங்க டவுன்லோட் பண்ணி வச்ச ஃபைலெல்லாம் அதுலேயேதான் இருக்கும்.”

“அப்புறம் எதுக்குய்யா இவ்வளவு செலவு பண்ணி அந்த சாஃப்ட்வேரை வாங்கினீங்க?”

சிறிது நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. பந்தி பரிமாறிய ஆள். நல்ல மனிதர். போனைத் திறந்து, ‘வீட்டம்மா’ என்றிருந்த நம்பரைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை பையனுக்கு அழைப்பு வந்தது. சார் மலர்ச்சியாக இருந்தார். “பார்த்தீங்களா? லாக் இல்லாததாலதானே அவர் திறந்து கூப்பிட முடிஞ்சுது? உங்க பேச்சைக் கேட்டு ஆறு நம்பர் போட்டிருந்தா போன் போயிருக்குமா இல்லையா?”

பூட்டிய திரையிலேயே தொடர்பு நம்பர் தெரிகிற மாதிரி வைக்க முடியும் என்று சொல்லப் பையனுக்கு வாய்வரை வந்தது. அப்ரைசல் மாதம். விழுங்கிக்கொண்டான்.

அடுத்த பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பில் இந்தச் சம்பவத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று சார் உத்தரவு போட்டார். பிறகு, பிரிக்காத புது டேப்லெட் பெட்டி ஒன்றை மேசையில் அவன் பக்கம் நகர்த்தினார்.

“இதையும் அந்த லிஸ்ட்ல சேர்த்துடுங்க தம்பி.”