லூபெக்கில் ஒரு பலசரக்குக் கடை

எங்கள் அப்பா இருபத்திரண்டு வருடம் பலசரக்குக் கடை நடத்தி நொடித்துப்போனவர். "வியாபாரம் நம்ம ரத்தத்துல இல்லடா" என்று சொல்லிச் சொல்லியே என்னை பி.காம். படிக்கவைத்து குமாஸ்தா ஆக்கினார். அந்த ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்க எனக்கு நாற்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது. மகன் தன் பழைய லேப்டாப்பை என் தலையில் கட்டியபோது, அதோடு 'பேட்ரீசியன் 3' என்ற விளையாட்டும் சேர்ந்து வந்தது.

ஜெர்மனியின் அஸ்கரோன் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. இதில் பூதம், வேற்றுக்கிரகவாசி யாரும் கிடையாது. நீங்கள் இடைக்கால ஐரோப்பாவில் ஒரு சில்லறை வியாபாரி. ஒரு ஊரில் மலிவாக வாங்கி, கப்பலில் ஏற்றி, இன்னோர் ஊரில் விற்க வேண்டும். "இதுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்? கோயம்பேடு போனா போதுமே" என்றார் ஆபீஸில் பக்கத்து சீட்காரர்.

நான் கடை போட்ட ஊர் லூபெக். ஹன்சா என்ற வணிக நகரங்களின் கூட்டணிக்கு அதுதான் தலைநகரம் மாதிரி. கையில் இருந்த காசுக்கெல்லாம் பீர் வாங்கி ஹாம்பர்க்குக்கு அனுப்பினேன். தரைவழியாகப் போனால் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். என் கப்பலோ டென்மார்க்கையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனது. போன பிறகுதான் தெரிந்தது, ஹாம்பர்க் அந்தக் காலத்தில் பீருக்கே பேர்போன ஊர்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போனியாக்கும்?"

அப்பா. எழுபத்தாறு வயது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ! அன்றிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் கம்பெனியின் ஆலோசகர் ஆகிவிட்டார். முதல் நாள் எல்லாவற்றையும் விசாரித்தார். எடை எப்படி, கூலி எவ்வளவு, கிட்டங்கி வாடகை என்ன. கடைசியில் கேட்டார்: "கடன் சொல்லி வாங்கறவங்க எத்தனை பேரு?"

"யாருமே இல்லப்பா. சரக்கை இறக்கினதும் காசு வந்துரும்."

"கடனே இல்லையா? அப்ப அது எப்படிடா வியாபாரம்?" என்றார், நிஜமான கவலையோடு.

பள்ளியில் வரலாற்று வாத்தியார் விளக்காத ஒரு விஷயம் இந்த விளையாட்டில்தான் எனக்குப் புரிந்தது. அன்றைய ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க இறைச்சி சாப்பிடக் கூடாது, மீன் சாப்பிடலாம். இன்றைய ஸ்வீடனின் தென்கோடியில் ஹெர்ரிங் மீன் குவியும். ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும். உப்பு இருப்பதோ லூனபர்க்கில். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஊர் லூபெக். அந்த உப்புக்காகவே 1398-ல் ஒரு கால்வாயை வெட்டி முடித்தார்கள். "சுத்தி வளைச்சுப் பாத்தா கருவாட்டுக் கடை" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் கருவாட்டுக்காரர்கள்தான் டென்மார்க் ராஜாவோடு சண்டை போட்டு ஜெயித்து, 1370-ல் ஸ்ட்ரால்சுண்ட் உடன்படிக்கையில் தங்களுக்கு வேண்டியதை எழுதி வாங்கினார்கள்.

நார்வேயின் பெர்கனில் ஹன்சா வியாபாரிகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, மரவீடுகள் என்பதால் உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது என்று மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அடுப்பும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல. உங்களுக்குத் தோதான ஊருதான். போறதா இருந்தா சம்பளத்த மட்டும் மாசாமாசம் இங்க அனுப்பிருங்க" என்றாள்.

இரண்டே வாரத்தில் தேறிவிட்டேன். எவ்வளவு தேறினேன் என்றால், ஒரு குளிர்காலத்துக்கு முன்னால் லூபெக் சந்தையில் இருந்த தானியம் மொத்தத்தையும் வாங்கி என் கிட்டங்கியில் அடைத்தேன். ஊரில் தானியம் தீர்ந்தது. விலை ஏறியது. இன்னும் ஏறட்டும் என்று காபி குடித்துவிட்டு வந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டேன். வேடிக்கை என்னவென்றால், பஞ்சத்தில் படியளந்த புண்ணியவான் என்று ஊரில் என் மதிப்பு கூடிவிட்டது. கூடவே தேவாலயத்துக்குக் கொஞ்சம் நன்கொடை. பொதுக் குளியல் அறையில் நகரசபை உறுப்பினர்கள் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் அன்பளிப்பு. தேர்தல் வந்தது. மேயர் ஆகிவிட்டேன். டீக்கடையில் இருபது வருடமாகப் பதுக்கல்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பவன் நான்.

"பாத்தீங்களாப்பா? ரத்தத்துல இருக்கு!" என்று திரும்பினேன்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ சீனி தட்டுப்பாடு வந்துச்சு. ஊர்ல எங்கயும் இல்ல. நம்ம கடையில மூணு மூட்ட கெடந்துச்சு" என்றார்.

"என்ன விலைக்கு வித்தீங்க?"

"பழைய விலைக்குத்தான். வீட்டுக்குக் கால் கிலோன்னு தெருவுல எல்லாருக்கும் குடுத்தேன்."

"ரொக்கத்துக்கா?"

அப்பா பதில் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

என்னை நகரசபை உறுப்பினராகக்கூட யாரும் இனி தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று அன்று ராத்திரி லேப்டாப்பை மூடினேன். மறுநாள் வேறு ஏதோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது ஹன்சாவின் முடிவு கண்ணில் பட்டது. 1669-ல் லூபெக்கில் கடைசிக் கூட்டம். விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நகரங்கள் ஆள் அனுப்பியிருந்தன. அதுதான் கடைசி என்று யாரும் அறிவிக்கவில்லை. கூட்டணியை முறைப்படி கலைக்கவும் இல்லை. அடுத்த கூட்டம் நடக்கவில்லை, அவ்வளவுதான். லூபெக் கார்களின் நம்பர் பிளேட்டில் இன்றைக்கும் 'ஹன்சா நகரம் லூபெக்' என்பதன் முதலெழுத்துகள்தான் இருக்கின்றன.

அப்பாவுக்கு இது நன்றாகப் புரிந்தது. எங்கள் கடையையும் யாரும் மூடவில்லை; ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. பெயர்ப்பலகை மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்திருக்கிறது.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவங்களுக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவருடைய கடன் நோட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் வரவேண்டிய பாக்கி: 4,260 ரூபாய். அதில் கால் கிலோ சீனி மட்டும் முப்பத்தோரு வீட்டுக் கணக்கில் ஏறியிருக்கிறது.