ஐந்து கியர் போதாதா?

எங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு எழுந்தபோது கோரிக்கைகள் இரண்டே இரண்டுதான் வந்தன. "குலுங்காமப் போகணும் மாப்பிள்ளை, எனக்கு முட்டி வலி" என்றார் மாமியார். "எப்படி வேணும்னாலும் போகட்டும், நடுரோட்டுல நிக்கக் கூடாது" என்றாள் மனைவி. எனக்கென்று கோரிக்கை எதுவும் இல்லை. மாதாமாதம் தவணை கட்டப் போகிறவனுக்குக் கோரிக்கை இருப்பது எங்கள் குடும்ப வழக்கமில்லை.

இது என்ன பெரிய விஷயம், இரண்டும் ஒரே காரில் கிடைக்காதா என்றுதான் நினைத்தேன். கியர் பெட்டி என்று வந்துவிட்டால் இவை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் என்பது, சுங்கைப்பட்டாணியில் பழைய கார் கடைகளை ஏறி இறங்கியபோது தெரிந்தது.

நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் காலத்தில் கியர் மாறுவது ஊருக்கே கேட்கும் சங்கதி. தோட்டத்து லோரி மேட்டில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் லயத்தில் தூங்குகிற பிள்ளை வீறிட்டு அழும். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. அதைக் கொண்டுவந்த பிரதமர் மகாதீர் நம் அலோர் ஸ்டார்க்காரர் என்பதில் கெடாவுக்கே கொஞ்சம் மிதப்பு. தோட்டத்துக் கிராணி ஒரு சாகா வாங்கினார். அவர் கியர் மாற்றுகிற லாவகத்தைப் பார்க்கவே ஆபீஸ் வாசலில் நிற்போம். அப்படி வளர்ந்தவனிடம் வந்து, "ரொம்ப ஸ்மூத் பாஸ்" என்றார் கார் கடைத் தவுக்கே. தெரியாத விஷயத்துக்குத் தெரிந்ததுபோல் தலையாட்டுவதில் எனக்கு வேலைக்காலப் பயிற்சி உண்டு. ஆட்டினேன்.

முதலில் ஒரு ஹோண்டா அக்கோர்ட். 2020-இல் இங்கே வந்த மாடல், 1.5 லிட்டர் டர்போ, சிவிடி. சிவிடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளே கிடையாது. இரண்டு கப்பிகள், நடுவே எஃகுப் பட்டை. கப்பிகள் அகன்று குறுகும்போது வேகம் வெட்டாமல் ஏறுகிறது. ஹாலந்தின் டாஃப் கம்பெனி 1958-இலேயே ரப்பர் பட்டையை வைத்து இதைச் செய்து காட்டிவிட்டது. அந்தக் கார் முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும் என்பதால், பின்பக்கமாக ஓட்டும் பந்தயமே அங்கே நடந்திருக்கிறது. இந்த அரிய தகவலை வீட்டில் சொன்னேன். "நல்லவேளை, அது உங்க கையில கிடைக்கல" என்றாள் மனைவி. எங்கள் கேட்டில் இருக்கும் நசுங்கலுக்கு வரலாறு உண்டு.

மாமியார் பின் சீட்டில் ஏறினார். தாமான் முனை தாண்டுவதற்குள் குறட்டை. லோரியை முந்தலாம் என்று அழுத்தி மிதித்தபோது மட்டும், கல்யாண ஊர்வலத்தில் மேளம் முன்னால் போய் மாப்பிள்ளை பின்னால் வருவதுபோல், சத்தம் முதலில் போயிற்று, கார் அப்புறம் வந்தது.

மனைவி சாட்சியத்தோடு தயாராக இருந்தாள். "2019-ல சாகாவுல இருந்த சிவிடியைத் தூக்கிட்டு, ஹியூண்டாயோட நாலு கியர் ஆட்டோவைப் போட்டாங்களே, ஏன்?" நான் நியாயம் பேசினேன்: எல்லா சிவிடியும் ஒன்றல்ல, ஹோண்டாவின் பெட்டி வேறு, அதற்கென்று உள்ள எண்ணெயைக் காலத்தில் மாற்றிவந்தால் நெடுநாள் உழைக்கும். "முன்னாடி வச்சிருந்தவன் மாத்தினானான்னு தெரியுமா?" என்றாள். வழக்கு தள்ளுபடி.

அடுத்து இரட்டைக் கிளச் வைத்த ஒரு கார். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்பதால் மாறுவதே தெரியாது. ஆனால் எண்ணெயில் நனையாத உலர் கிளச் வகை, ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். மச்சான் லோரி ஓட்டுகிறவர். "தைப்பூசத்தன்னிக்கு இதுல தண்ணீர்மலைக்குப் போவீங்களா?" என்று மட்டும் கேட்டார். காவடி எடுத்தவரே நம் காரை முந்திப் போகும் சாலை அது. நான் அந்தக் காரைவிட்டு இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.

மிச்சம், எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். இரண்டு விசிறிகள் எதிரெதிரே. ஒன்று தள்ளுகிற எண்ணெய் மற்றதைச் சுழற்றும். எண்ணெய் நடுவில் நின்று அடியை வாங்கிக்கொள்வதால் நெரிசலில் நிதானம் தவறாது. மஸ்டா 6-இல் ஆறு கியர், 2022-இல் இங்கே வந்த கேம்ரியில் எட்டு. கேம்ரியின் விலையைக் கேட்டதும் எனக்கே ஒரு கியர் குறைந்தது. விலையுள்ள கார்களுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை: கூலிமில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், பிஎம்டபிள்யூ பூட்டுகிறார்கள். 2022 முதல் போர்ஷே கயானும் அங்கே பூட்டப்படுகிறது. கெடாவில் நாங்கள் பால் மரம் வெட்டினோம், அந்தப் பாலில் செய்த டயர் போட்ட காரில் துரை போனார். அந்த ஏற்பாட்டில் இன்னும் பெரிய மாற்றம் இல்லை.

கடைசியில் எங்கள் பட்டறைக்காரர்தான் காட்டினார்: 2016-இல் வந்த புரோட்டோன் பெர்டானா. சட்டை புரோட்டோன், உடம்பு எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கோர்ட். எஞ்சினும் ஹோண்டா, ஐந்து கியர் சாதா ஆட்டோ. நாகரிகம் போய்விட்டது, விலையும் இறங்கிவிட்டது. என் தகுதிக்கு ஏற்ற இரண்டு குணங்கள்.

குரூணிலிருந்து ஜெராய் மலைப் பாதையில் ஏற்றிப் பார்த்தோம். வளைவுக்கு வளைவு கியர் இறங்கி ஏறியது. மாமியார் ஒருமுறை கண் திறந்து, "என்னமோ மாறுச்சே மாப்பிள்ளை" என்றார். "கியர் அத்தை." "ஓ, இன்னும் அது இருக்கா?" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். மனைவி மலையையும் பார்க்கவில்லை, மேகத்தையும் பார்க்கவில்லை; முந்தைய உரிமையாளர் வைத்திருந்த சர்வீஸ் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். கியர் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கண்டதும், "இதையே எடுங்க" என்றாள். வாங்கியது நான்தான் என்று இன்றும் ஊரில் சொல்லிக்கொள்கிறேன். அமைச்சர்கள் போன கார் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் காவலாளிகள் சல்யூட் வைத்தார்கள்; நான் இறங்கியதும் கையையும் இறக்கிவிட்டார்கள்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். கியர் பெட்டியின் வெட்டும் உதறலும் பலநேரம் குளிர்ந்த நிலையில்தான் முதலில் வெளியே தெரியும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது ஏற்கெனவே சூடாக இருந்தால், தவுக்கே கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.